இரண்டு மெகாபைட்டும் பெங் டீச்சர் நாக்கும்

யாஆன் ஊரில் மழை பெய்யாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழை கொட்டிய ஒரு நாளில், தேயிலைக் கம்பெனி மாடியில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் கட்டித் தேயிலைக் கஷாயத்தை ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். "நனைஞ்ச நாய் வாடை அடிக்குது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கம்பெனி முதலாளி ஆவலோடு மொழிபெயர்ப்பாளர் பெங் யூலியனைப் பார்த்தார்.

யூலியன் கண் சிமிட்டும் நேரம்கூட யோசிக்கவில்லை. "மழையில தன் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்காம். வளர்த்த நாய் ஞாபகம் வந்துடுச்சாம்" என்றாள்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் நாலு கிலோ தேயிலையைச் சிவப்புத் தாளில் சுற்றி வியாபாரியின் மடியில் வைத்தார். நாய் வாடை என்று சொன்னதற்கு இவ்வளவு மரியாதையா என்று அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். வெட்கத்தில் இரண்டு கண்டெய்னர் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

யூலியனுக்கு வேலை குவிந்ததன் ரகசியம் இதுதான். பதினெட்டு வருஷம் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள். தொண்டை போய்விட்டது என்று வெளியே வந்து, அதே தொண்டையை வைத்து மொழிபெயர்ப்பில் இறங்கினாள். பள்ளிக்கூடத்தை விட்டு ஏழு வருஷம் ஆகியும் ஊர் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டது. இவளைவிட நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் செங்டு நகரத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் இவள் உட்கார்ந்த மேஜையில் யாரும் சண்டை போட்டதில்லை. சாப்பாட்டு மேஜை கவிழாமல் பார்த்துக்கொள்வதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை என்பது அவள் கட்சி. மூன்று கெட்ட சொல் வந்தால் ஒன்றை விழுங்கிவிடுவாள், ஒன்றைக் கழுவி வைப்பாள், ஒன்றைச் சர்க்கரையில் தோய்ப்பாள்.

அவள் கணவன் ஹூ வெய்மின் யாஆனுக்கும் காங்திங்குக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறவன். "உனக்குப் பொய் சொன்னா சம்பளம். நான் பஸ் லேட்டுன்னு உண்மையைச் சொன்னா அடிக்க வர்றான்" என்று வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவான்.

2016 ஜூன் மாதம் லெய் தாச்சுவான் அவள் வீட்டுக்கு வந்தான். ஐம்பது வயது, வயிறு முதலில் உள்ளே வந்தது, ஆள் பின்னால் வந்தான். ஒரு காலத்தில் பெரிய பன்றிப் பண்ணை வைத்திருந்தவன். பன்றி விலை படுத்ததும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, தாதூ ஆற்றுக்கு மேலே ஒரு சின்ன நீர்மின் நிலையத்தை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, பிட்காயின் தோண்டும் மெஷின்களை வாங்கி அடுக்கினான். மழைக்காலத்தில் அங்கே மின்சாரம் வாங்க ஆளில்லாமல் வழியும், தண்ணீர் விலைதான். ஆயிரத்து இருநூறு மெஷின். அவற்றை அவன் 'குட்டிங்க' என்றே சொன்னான். பழக்க தோஷம்.

"டீச்சர், விஷயம் ரொம்ப சின்னது" என்று ஆரம்பித்தான். "உலகத்துல எவன் எவனுக்குப் பிட்காயின் அனுப்பினாலும் அது ஒரு பெட்டியில ஏறணும். பிளாக்குன்னு பேரு, நீங்க பெட்டின்னே வச்சுக்கங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு பெட்டிதான் கிளம்பும். அந்தப் பெட்டியைக் கட்டி அனுப்பறதுக்குத்தான் உலகம் பூரா மெஷினுங்க போட்டி போடுது. எவன் கட்டறானோ அவனுக்குக் காசு."

"சரி."

"பெட்டி ஒரு மெகாபைட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு சட்டம். ரெண்டாயிரம் பேரோட பணம் ஏறினா ரொம்பிப் போச்சு. மிச்சவன் வெளியில நிக்கணும்."

"யார் முதல்ல ஏறுவாங்க?"

"கட்டணம் கூடப் போடறவன்."

யூலியன் யோசித்தாள். "அப்ப பெட்டியைப் பெரிசா செஞ்சா என்ன அண்ணே?"

லெய் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தான். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரெண்டு வருஷமா இதைத்தான் கேக்கறேன்! பன்னி மேய்ச்சவனுக்குப் புரியுது, டீச்சருக்கு அரை நிமிஷத்துல புரியுது, பிட்காயினை ஓட்டற புரோகிராம் எழுதற மகராசனுங்களுக்கு மட்டும் புரிய மாட்டேங்குது! அதுல ஒருத்தன் அடுத்த மாசம் இங்க வர்றான். யோஸ்ட்டுன்னு ஒரு ஹாலந்துக்காரன். சீனாவுல மெஷின் வச்சிருக்கறவங்களை நேர்ல பாத்துப் பேசணுமாம். ரெண்டு மெகாபைட். அவ்வளவுதான் டீச்சர். அவன் வாயில இருந்து அதை வாங்கிக் குடுத்துருங்க."

யூலியன் மூன்று வாரம் படித்தாள். இணையத்தில் இந்தப் பெட்டிச் சண்டையைப் பற்றி மலை மலையாய்க் குவிந்து கிடந்தது. பெட்டியைப் பெரிதாக்கு என்கிறவனும் ஆக்காதே என்கிறவனும் ஒருவன் குடும்பத்தை ஒருவன் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவளை அதிகம் படுத்தியது 'ஃபோர்க்' என்ற சொல். பள்ளியில் அவள் சொல்லிக் கொடுத்த வரையில் அது முள்கரண்டி. இவர்களோ கெட்டி ஃபோர்க் என்றும் மெத்து ஃபோர்க் என்றும் மாறி மாறி மிரட்டிக்கொண்டார்கள். படித்த ஆட்கள் இப்படி முள்கரண்டியைக் காட்டி எதற்குப் பயமுறுத்துகிறார்கள் என்று இரண்டு நாள் குழம்பிவிட்டு லெய்க்குப் போன் போட்டாள்.

"அது சாப்பிடற கரண்டி இல்ல டீச்சர், பாதை ரெண்டாப் பிரியறது!" லெய் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "சட்டத்தை மாத்தினா, ஒத்துக்கறவன் ஒரு பக்கம் போவான், ஒத்துக்காதவன் பழைய பக்கமே நிப்பான். ஒரே பணம் ரெண்டு பணமாயிடும். அதைத்தான் எல்லாரும் பயப்படறாங்க."

ஜூலையில் யோஸ்ட் வந்தான். முப்பத்து நாலு வயது; ஆள் ஆறடிக்கு மேலே இன்னும் ஓர் அரையடி. ஹூவின் மினி பஸ்ஸில் முழங்காலை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் நடைபாதையில் நீட்டிவிட்டான். வழியெல்லாம் ஏறி இறங்குகிறவர்கள் அவன் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மடியில் சோப்புப் பெட்டி அளவு ஒரு கம்ப்யூட்டரை வைத்து, கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு?" என்று யூலியன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இதுல பிட்காயினோட மொத்தக் கணக்கும் இருக்கு மேடம். முதல் நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், உலகத்துல யார் யாருக்கு அனுப்பினாலும்" என்றான். "இதே மாதிரி ஒண்ணு எங்க அம்மா வீட்டு அலமாரியில ஓடுது. யாரும் யாரையும் நம்ப வேண்டாம், அவங்கவங்க வீட்டுலயே சரி பாத்துக்கலாம். அதுக்குத்தானே இதை ஆரம்பிச்சோம்? பெட்டி பெரிசாகிட்டே போனா இந்தக் கணக்கு வேகமா ஊதிடும். அப்புறம் பெரிய கம்பெனிங்கதான் வச்சுக்க முடியும். அவங்க சொல்றதை நாம தலையாட்டிக் கேட்டுக்கணும்."

யூலியனுக்கு இதுவும் புரிந்தது. லெய் சொன்னபோது லெய் பக்கம் சரி. இவன் சொல்லும்போது இவன் பக்கமும் சரி. இரண்டு பேரில் ஒருவன் மடையனாக இருந்தால் மொழிபெயர்ப்பாளருக்குச் சுகம். இரண்டு பேரும் நியாயஸ்தர்களாக இருந்துவிட்டால் நாக்குக்கு வேலை இரட்டிப்பு.

கூட்டம் லெய்யின் கொட்டகையை ஒட்டிய சாப்பாட்டுக்கூடத்தில் மறுநாள் காலை ஆரம்பித்தது. ஒரு பக்கம் ஆயிரத்து இருநூறு மெஷினின் விசிறிச் சத்தம், ஒரு பக்கம் ஆற்றுச் சத்தம், தலைக்கு மேலே தகரத்தில் மழைச் சத்தம். 'தேங்க்யூ' என்று சொல்லவே தொண்டை கிழிய வேண்டும். மேஜையில் லெய், எதிரே யோஸ்ட், நடுவே யூலியன். லெய் பக்கத்தில் கௌ அக்கா. அடுத்த பள்ளத்தாக்கில் எண்ணூறு மெஷின் வைத்திருப்பவள். லெய்யோடு கூட்டுச் சேர்ந்து பெட்டி கட்டுகிறவள். ஐம்பத்திரண்டு வயது. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே இருப்பாள், பேசுவது அபூர்வம். அடுப்படியில் சமையல்காரர் ஃபூ.

லெய் ஆரம்பத்திலேயே மேஜையைத் தட்டினான். "அவன்கிட்ட சொல்லுங்க டீச்சர். அடுத்த வசந்தத்துக்குள்ள ரெண்டு மெகாபைட் வரலைன்னா நாங்க வேற புரோகிராமை ஓட்டிக்குவோம். அவன் புரோகிராமை அவன் கஞ்சியில கரைச்சுக் குடிக்கட்டும்!"

யூலியன் யோஸ்ட் பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள். "அடுத்த வசந்தத்தில் இரண்டு மெகாபைட் வந்தால் மகிழ்ச்சி என்கிறார். உங்கள் புரோகிராம் அவருக்குத் தினமும் குடிக்கும் கஞ்சி மாதிரியாம்."

யோஸ்ட் நெகிழ்ந்து போய், லெய் முழிக்க முழிக்க நன்றி சொன்னான். பிறகு பெருமூச்சு விட்டான். "என்னால எந்த உறுதியும் தர முடியாது மேடம். நான் நூறு பேர்ல ஒருத்தன். எங்களுக்குத் தலைவர்னு யாருமே கிடையாது. இவருக்குக் கம்ப்யூட்டரும் பன்னித் தொட்டியும் ஒண்ணா இருக்கலாம், ஆனா இது அப்படித் தொட்டியைப் பெரிசாக்கற வேலை இல்ல."

யூலியன் லெய் பக்கம் திரும்பினாள். "நூறு பேரோட சேர்ந்து தன்னால ஆனதைச் செய்யறாராம் அண்ணே. உங்க பண்ணை அனுபவத்தை ரொம்ப மதிக்கிறாராம்."

"நல்ல பையன்!" என்றான் லெய்.

காலை முழுக்க இப்படியே ஓடியது. லெய் வீசிய கல்லெல்லாம் யோஸ்ட் மடியில் பூவாக விழுந்தது. யோஸ்ட் சொன்ன 'முடியாது' எல்லாம் லெய் காதில் 'பார்க்கலாம்' ஆயிற்று. பதினோரு மணிக்கே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டார்கள். லெய் சாராயத்தைக் கொண்டுவரச் சொன்னான். கிண்ணங்கள் மோதின.

"அக்கா, இன்னிக்கே புதுசா எண்ணூறு குட்டிக்கு ஆர்டர் போட்டுடறேன்" என்றான் கௌவிடம். "பெட்டி பெரிசானா கூட்டம் வரும், கூட்டம் வந்தா விலை ஏறும். டீச்சர்! பேசினதை ரெண்டு பாஷையிலயும் பக்கத்துல பக்கத்துல எழுதிடுங்க. கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடலாம்."

யூலியன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாயால் பேசுவதைத்தான் சர்க்கரையில் தோய்க்கலாம். எழுத்தைத் தோய்த்தால் நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

உருளைக்கிழங்கு மூட்டையும் பழைய விசிறியும் கிடந்த சாமான் அறையில் போய் உட்கார்ந்தாள். தாளை நடுவே மடித்தாள். இடப்பக்கம் சீனத்தில் 'அடுத்த வசந்தத்துக்குள் இரண்டு மெகாபைட்' என்று எழுதினாள். வலப்பக்கம் ஆங்கிலத்தில் பேனா நகரவில்லை. அந்தப் பக்கத்து ஆள் அப்படிச் சொல்லவே இல்லையே.

பக்கத்திலிருந்த குறிப்பு நோட்டைப் புரட்டினாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு: வாயால் எதை மாற்றினாலும், கேட்டதை நோட்டில் அப்படியே சுருக்கெழுத்தில் எழுதிவிடுவாள். பக்கம் பக்கமாகக் காலையில் நடந்த உண்மைச் சண்டை அதில் கிடந்தது. தேயிலை வேறு. அது அதிகம் போனால் கசக்கும். இங்கே ஒரு மனிதன் அவள் வாயை நம்பி எண்ணூறு மெஷின் வாங்கப் போகிறான். இன்னொருவன் ஊருக்குப் போய், சீனாக்காரர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்று நூறு பேரிடம் சொல்லப் போகிறான். யாரும் யாரையும் நம்ப வேண்டாம் என்று கட்டிய சமாச்சாரத்தைப் பேசித் தீர்க்க வந்தவர்கள், இருவருமாகச் சேர்ந்து ஒரே ஓர் ஆளை முழுக்க நம்பிவிட்டார்கள்.

கொல்லைக் கதவு வழியாக மழையில் இறங்கி ஓடிப் போய், ஹூவின் பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஹூ எப்படியும் லேட்டாகத்தான் வருவான். எழுந்து கூடத்துக்கே போனாள்.

"நிறுத்துங்க" என்றாள், முதலில் சீனத்தில், பிறகு ஆங்கிலத்தில். "காலையிலேர்ந்து நான் சொன்னது எதுவுமே நிஜம் இல்ல."

லெய்யின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. "டீச்சர், சாராயம் ஏறிடுச்சா?"

"ஏறல அண்ணே. உக்காருங்க. படிக்கறேன்."

நோட்டைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். லெய் சொன்னதை ஆங்கிலத்தில் யோஸ்ட்டுக்கு. யோஸ்ட் சொன்னதைச் சீனத்தில் லெய்க்கு. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வரிக்கு வரி இரண்டு முகமும் நிறம் மாறியது.

"என் புரோகிராமைக் கஞ்சியில கரைச்சுக் குடிக்கச் சொன்னாரா?" என்றான் யோஸ்ட். "தினமும் குடிக்கற கஞ்சி மாதிரின்னு சொன்னீங்களே! நான் நன்றி வேற சொன்னேனே!"

"ஆமா. அதுக்கு அவர் பாட்டுக்கு முழிச்சாரே, கவனிக்கலையா?" என்றாள் யூலியன்.

லெய் கழுத்து வரை சிவந்து போனான். "பன்னித் தொட்டியா? என் குட்டிங்களைப் பாத்து, என் சோத்தைத் தின்னுக்கிட்டே, தொட்டின்னானா?"

"உங்களுக்குக் கம்ப்யூட்டரும் பன்னித் தொட்டியும் ஒண்ணுதான்னு சொன்னார் அண்ணே. சரியாச் சொல்லணும்ல."

"உங்களை நம்பித்தானே டீச்சர் கூட்டிட்டு வந்தேன்!"

"தப்புதான். சம்பளம் வேண்டாம். ஆனா இனிமே நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் வெளியில வரும். பாத்துப் பேசுங்க. இல்ல, பாக்காமயே பேசுங்க. என்னைக் கேட்டா அதுதான் நல்லது."

பார்க்காமலேயே பேசினார்கள். இரண்டு வருஷமாக இணையத்தில் முகம் தெரியாமல் திட்டிக்கொண்டதெல்லாம் ஒரே மேஜையில் கொட்டியது. யூலியனும் விடவில்லை. லெய் கத்தினால் ஆங்கிலத்தில் கத்தினாள், லெய் மேஜையைக் குத்தினால் குத்தினாள். யோஸ்ட் விரலை நீட்டினால் அவளும் சீனத்தில் விரலை நீட்டினாள். பதினெட்டு வருஷம் பிள்ளைகளை மிரட்டிய தொண்டை. விசிறிச் சத்தத்தையும் ஆற்றையும் மழையையும் தாண்டிக் கேட்டது. கடைசியில் அந்த இருவரும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட, விட்டுப்போன வரிகளை முடிக்கவேண்டி அவள் மட்டும் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பி ஒரு பாஷையிலும் அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு பாஷையிலும் தனியாக அலறிக்கொண்டிருந்தாள்.

சமையல்காரர் ஃபூ கரண்டியோடு ஓடி வந்தார். "டீச்சர்! யாரோட சண்டை போடறீங்க?"

"என்னோடதான். நீங்க போங்க, அடுப்பைப் பாருங்க."

ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் லேசாகத்தான் இருந்தது.

கௌ அக்கா விதைத் தோலைத் துப்பினாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு இது: "வாயால அடிச்சுக்கிட்டது போதும். லெய், நேத்து நீ தோத்த பந்தயக் காசு எங்க?"

"அனுப்பிட்டேனே அக்கா, நேத்து ராத்திரியே!"

"வரலையே."

யூலியன் அதையும் மொழிபெயர்த்தாள். என்ன பந்தயம் என்று யோஸ்ட் கேட்டான். சொல்லாமல் விட அவளுக்கு இப்போது உரிமை இல்லை. "நேற்று இரவுச் சாப்பாட்டில் நீங்கள் மாட்டுக் குடலைச் சாப்பிடுவீர்களா என்று பந்தயம் வைத்தார்கள். மாட்டீர்கள் என்றார் இவர். நீங்கள் இரண்டு தட்டு சாப்பிட்டீர்கள்."

"நல்லா இருந்துச்சே" என்றான் யோஸ்ட், பாவமாக.

லெய் போனை மேஜையில் வைத்தான். பணம் கிளம்பியது கிளம்பியபடி நின்றது. எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. "பாரு! நல்லாப் பாரு! ஆயிரத்து இருநூறு மெஷின் வச்சுப் பெட்டி கட்டறவன் நான். என் காசே வெளியில மழையில நனையுது!"

"உங்க பெட்டியிலயே போட்டுக்க வேண்டியதுதானே?" என்றான் யோஸ்ட்.

"எங்களுக்குப் பெட்டி கட்டற அதிர்ஷ்டம் அடிக்கறது நாளைக்கு ஒரு தடவை. நேத்து அதுவும் அடிக்கல."

"கட்டணம் எவ்வளவு போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

"இப்ப கூட்டம் ஜாஸ்தி. கொஞ்சம் கூடப் போட்டிருந்தா..."

"கூடப் போட்டிருந்தா ஏறியிருக்கும், தெரியும். எனக்கு வக்கிருக்கு, போடுவேன். இங்க மெஷின் துடைக்கறவன் ஊருக்குக் கொஞ்சமா அனுப்பறானே, அவன் எப்ப ஏறுவான்? பணக்காரன் மட்டும் ஏறத்தான் இதைக் கட்டினீங்களா?"

யூலியன் அதைச் சொல்லி முடித்தாள். யோஸ்ட் ஒரு தாளை எடுத்து லெய் சொன்னதை எழுதிக்கொண்டான். பிறகு தன் சோப்புப் பெட்டிக் கம்ப்யூட்டரை எடுத்து, பரணில் லெய்யும் கௌவும் பொதுவாக வைத்திருந்த கம்ப்யூட்டரோடு இணைக்க அனுமதி கேட்டான். லெய் முறைத்தான், கௌ அக்கா தலையசைத்தாள்.

அரை மணி நேரம் பதிவுகளைத் துழாவினான். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். "வெளியில ஒருத்தன் பெட்டி கட்டி அனுப்பினதும் அது உங்களுக்கு வந்து சேரணும். அப்பத்தான் அதுக்கு மேல அடுத்ததைக் கட்ட ஆரம்பிக்க முடியும். மத்தவங்களுக்கு ரெண்டு மூணு நொடியில வந்துடுது. உங்க இணையம் மந்தம், மழை நாள்ல இருபது நொடி, சில சமயம் நாப்பது. அதுவரைக்கும் உங்க மெஷினுங்க முடிஞ்சு போன பெட்டி மேலயே வேலை செஞ்சுக்கிட்டிருக்கு. அத்தனையும் வீண். இது ஒரு மெகாபைட்டுக்கு. ரெண்டானா? எட்டானா?"

யூலியன் அப்படியே சொன்னாள். கூடம் அமைதியானது; அதாவது விசிறியும் ஆறும் மழையும் மட்டும் கத்தின.

"நாப்பது நொடியா?" என்றான் லெய் மெதுவாக. "என் குட்டிங்க ஆயிரத்து இருநூறும் நாப்பது நொடி சும்மா செக்கு இழுக்குதா?"

பிறகு திட்ட ஆரம்பித்தான் பாருங்கள், மலையைத் தாண்டி இணையக் கம்பியை இழுத்த ஒப்பந்தக்காரனை, அவன் நட்ட கம்பத்தை, கம்பத்தில் உரசிய மரத்தை, மழையை, கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்த தன்னை. யூலியன் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒப்பந்தக்காரனின் மாமியாரைப் பற்றிய இடம் வந்ததும் யோஸ்ட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. கௌ அக்காவுக்கு விதை புரையேறியது. லெய் எல்லோரையும் முறைத்துவிட்டு, தானும் சிரித்துத் தொலைத்தான்.

மாலையில் தாள் தயாரானது. வலமும் இடமும் ஒரே மாதிரி இருந்தது. அதில் யூலியனுக்குப் பெருமை. 'லெய்க்கு இரண்டு மெகாபைட் வேண்டும். யோஸ்ட்டால் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. நின்றுபோன பணங்களின் பட்டியலை அவன் தன் ஆட்களிடம் கொண்டு போவான், லெய்யின் திட்டுகளோடு சேர்த்து. லெய் முதலில் கம்பியைச் சரிசெய்வான். மற்றபடி எதிலும் உடன்பாடு இல்லை.' எண்ணூறு மெஷின் ஆர்டரை லெய் போடவில்லை. கௌ அக்காவின் பந்தயக் காசு அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜையில் கொதித்த சூப்புச் சட்டியில் முதல் இறைச்சித் துண்டைப் போட்டபோது வந்து சேர்ந்தது.

ஆனாலும் லெய்யின் கோபம் உடனே தணியவில்லை. மூன்று வாரம் போன் இல்லை. நடந்தது ஊரில் பரவியதும், தேயிலைக் கம்பெனி நாசூக்காக வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. ஹூ, "உண்மை பேசினா இதான் கதி, நான் பஸ்ஸுல தினம் பாக்கறேன்" என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க யூலியன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்து ஓட்டினாள். வசந்தத்தில் செங்டுவிலிருந்து ஒரு வக்கீல் கூப்பிட்டார். வழக்கொன்றில் இரண்டு தரப்பும் எதிர்த் தரப்பின் மொழிபெயர்ப்பாளரை நம்பவில்லையாம். "யாஆன்ல ஒரு டீச்சர் இருக்காங்களாமே, திட்டினாக்கூட அப்படியே சொல்வாங்களாமே" என்று கேட்டார். பிறகு இன்னொரு வக்கீல். பிறகு ஓர் ஆஸ்பத்திரி.

2017 ஆகஸ்டில் பாதை நிஜமாகவே இரண்டாகப் பிரிந்தது. பெரிய பெட்டிக்காரர்கள் தனிப் பணமாகக் கிளம்பிவிட்டார்கள். லெய் பட்டாசு வெடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். கௌ அக்கா தன் மெஷின்களை எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வழக்கம்போல் விதை கொறித்தாள்.

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லெய் கூப்பிட்டான். குரலில் பழைய முழக்கம் இல்லை. "டீச்சர், அந்த நெட்டையனோட பேசணும். உங்க சம்பளம் நான் தர்றேன்."

யோஸ்ட்டையும் இணைத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் குளிரைப் பற்றியே பேசினார்கள். பிறகு யோஸ்ட்தான் முதலில் வாய் திறந்தான்.

"எங்க அக்கா பொண்ணுக்குப் பிறந்தநாள். பிட்காயின்ல பத்து யூரோ அனுப்பலாம்னு பாத்தேன். கட்டணம் முப்பது யூரோ கேக்குது. பணக்காரன் மட்டும் ஏறத்தான் கட்டினீங்களான்னு அன்னிக்குக் கேட்டாரே, அது தினமும் காதுல கேக்குதுன்னு சொல்லுங்க."

யூலியன் சொன்னாள். மறுமுனையில் லெய் வெற்றிக் கூச்சல் போடுவான் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். வந்தது தணிந்த குரல்தான்.

"டீச்சர்" என்றான் லெய். "எங்க பக்கம் பெட்டி எட்டு மெகாபைட். பிரமாதமான பெட்டி. ஆனா ஏறத்தான் ஆள் இல்ல. முக்கால்வாசி காலியாவே போகுது. காலிப் பெட்டியைக் கட்டிக் கட்டி அனுப்பிக்கிட்டிருக்கேன்." தொண்டையைச் செருமினான். "இதை அவன்கிட்ட அப்படியே சொல்லாதீங்க. கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லுங்க, என்ன?"

"முடியாது அண்ணே" என்றாள் யூலியன்.

அவன் முனகிக்கொண்டிருக்கும்போதே ஆங்கிலத்துக்குத் திரும்பி, காலிப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். தொண்டையைச் செருமியதையும் சேர்த்து.